மதிய இடைவேளையில் ஒரு பாட்டுக் கச்சேரி

நடுப்பகல் ஓய்வில் நாம் சோறு உண்போம், சற்றுச் சாய்ந்துகொள்வோம். அந்த வேளையில் கச்சேரி கேட்க முடியுமா? லண்டன் மக்கள் கேட்டார்கள்.

1939-இல் போர் மூண்டது. தேசிய ஓவியக்கூடத்துப் படங்கள் பாதுகாப்புக்காக வெளியூர் போயின; இசை அரங்குகள் மூடப்பட்டன. அப்போது மைரா ஹெஸ் என்னும் பியானோக் கலைஞர், வெறுமையாய் நின்ற அக்கூடத்தில் பகல் ஒரு மணிக் கச்சேரியைத் தொடங்கினார். கட்டணம் ஒரு ஷில்லிங். வேலைக்குப் போகிறவர்களும் படைவீரர்களும் திரண்டனர். குண்டு விழுந்த காலத்தில் கச்சேரி நிலவறைக்கு மாறியதே தவிர, நிற்கவில்லை. 1946 வரை 1,698 கச்சேரிகள் நடந்தன.

இத்தகைய மதியக் கச்சேரிகள் இங்கிலாந்தில் இன்றும் நடக்கின்றன. சிலவற்றில் ஒரு பாடகியும் ஒரு பியானோக் கலைஞரும் மட்டுமே இருப்பர். பாடகியின் குரல் சொப்ரானோ. அதாவது பெண்குரலில் மிக உயர்ந்த வகை. பொதுவாக ஒலிபெருக்கி கிடையாது.

அவர்கள் வழங்குவது ஆங்கிலக் கலைப்பாடல். நம் சினிமாப் பாட்டில் பெரும்பாலும் மெட்டு முந்தும், சொல் பிந்தும். இங்கே கவிதையே முந்தும். ஷேக்ஸ்பியர் மறைந்தது 1616-இல். அவருடைய மூன்று பாடல்களுக்கு ரோஜர் குவில்டர் அமைத்த இசை வெளிவந்தது 1905-இல்! பியானோவும் வெறும் பக்கவாத்தியம் அன்று. குரல் ஓய்ந்த பின்னும் கவிதையின் உணர்ச்சியை அது தொடர்ந்து சொல்லும்.

உழைப்பவருக்கு இசை எதற்கு என்பாரும் உண்டு. குண்டு விழுந்த ஊரில் ஒரு ஷில்லிங்கோடு வரிசையில் நின்றார்களே, அவர்களே அதற்கு விடை.