ராஜமலை மீனின் ரத்தத்தில் என்ன இருக்கிறது?

இடுக்கி மாவட்டத்தில், மூணாறுக்கு மேலே ராஜமலைப் பகுதியின் ஓடைகளில் வானவில் டிரவுட் மீன் வாழ்கிறது. பசிபிக் கரையோர ஆறுகள்தான் அதன் பூர்வீகம். தூண்டில் போடும் ஆசையில் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அதை இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள்.

குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும். கடல்மட்டத்தில் 30 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராம், 10 டிகிரியில் 11 மில்லிகிராமுக்கு மேல். ஆனால் 2000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். குளிர் தருவதில் ஒரு பகுதியை உயரம் பறித்துக்கொள்கிறது.

இழுத்தோடும் நீரை எதிர்த்து மீன் பாய்ந்து நீந்தும்போது தசைகளில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்தத்தில் அமிலம் ஏறினால் பல மீன்களில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின் அதைப் பிடிக்க முடியாமல் விட்டுவிடும். 1931இல் இதை விவரித்தவரின் பெயரால் இது 'ரூட் விளைவு' எனப்படுகிறது. கண்ணுக்கும் காற்றுப்பைக்கும் ஆக்சிஜன் செலுத்த இது உதவும். ஆனால் செவுளிலேயே பிடிப்பு தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

டிரவுட்டின் ரத்தத்தில் பலவகை ஹீமோகுளோபின் உண்டு. நான்காம் வகை அமிலத்துக்குப் பணிகிறது. முதல் வகையை அமிலமும் வெப்பநிலை மாற்றமும் அதிகம் அசைப்பதில்லை. நெருக்கடியில் மீனைக் காப்பது இதுதான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த உறுதி எங்கிருந்து வருகிறது? இதை அறிய ஆய்வாளர்கள் புரதத்தைப் பிரித்தெடுத்து, படிகமாக வளர்த்து, எக்ஸ் கதிரைச் செலுத்தி, அது சிதறும் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடுவார்கள். மாக்ஸ் பெருட்ஸ் குதிரை ஹீமோகுளோபினின் அமைப்பை இப்படித்தான் கண்டறிந்து 1962இல் நோபல் பரிசு பெற்றார். டிரவுட் முதல் வகையின் படிக அமைப்பை டேம், வில்சன், வெபர் மூவரும் 1996இல் வெளியிட்டார்கள். மனித ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தில் முடிகிறது. அமிலச் சூழலில் அது ஹைட்ரஜன் அயனியை ஏற்று, ஆக்சிஜனை விடும் வடிவத்தில் மூலக்கூறை நிறுத்திவைக்க உதவுகிறது. டிரவுட்டின் முதல் வகையில் அந்த இடத்தில் இருப்பது பினைல்அலனின்; அதற்கு அந்த வேலை தெரியாது.

வந்தேறி மீனின் ரத்தத்தை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த அறிவியல், ஆனைமலையிலும் பெரியாற்றின் தலைநீரிலும் தோன்றி வளர்ந்த மலையோடை மீன்களின் ரத்தத்தையும் அதே கவனத்தோடு ஆராய வேண்டும். ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்த சென்னைப் பல்கலைக்கழகப் படிகவியல் மரபு நமக்கு இருக்கிறது; இந்தூரின் சிங்க்ரோட்ரான் துகள்முடுக்கியில் புரதப் படிகங்களுக்கென்றே ஒரு கதிர்வழியும் இருக்கிறது. ஓடைகள் சூடேறும் காலத்தில் எந்த மீன் எவ்வளவு வெப்பம் தாங்கும் என்பதை அறிய ரத்தப் புரதம் நல்ல தொடக்கம். ஓடைகளைக் காக்கத் திட்டமிடுவோருக்கு அந்த அறிவு இப்போதே தேவை.