வீடு முன்னே, ஊர் பின்னே

ஒரு வீட்டின் விலை என்ன என்று கேட்டால், நிலத்துக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, பத்திரச் செலவு இவ்வளவு என்று கூட்டி எவரும் உடனே ஒரு தொகையைச் சொல்லிவிடுவர். கணக்கு அத்துடன் முடிந்துவிட்டதாகவே நாம் எண்ணுகிறோம். ஆனால், புதிதாக உருவாகிவரும் ஊரில் வீடு வாங்குகிறவர் அந்தத் தொகைக்கு மேல் மற்றொரு தவணையும் செலுத்துகிறார். அது எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. எந்த வங்கியும் அதற்கு ரசீது கொடுப்பதில்லை. அந்தத் தவணை யாது, அது ஏன் விதிக்கப்படுகிறது, அதைக் குறைக்க வழியுண்டா என்பவற்றை ஆஸ்திரேலியாவிலுள்ள ஓர் ஊரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

குயின்ஸ்லாந்து மாநிலத்தின் தலைநகரம் பிரிஸ்பேன். அதற்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது இப்ஸ்விச் நகரம். என் மகளும் மாப்பிள்ளையும் அந்நகரைச் சேர்ந்த ரிப்ளி என்னும் பள்ளத்தாக்கில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறினார்கள். நான் ஓய்வு பெற்றபின் அவர்களுடன் நான்கு மாதம் தங்கியிருந்தேன். அங்கே கண்டவையும், அதன் பிறகு படித்தறிந்தவையுமே இந்த உரைக்கு அடிப்படை.

இப்ஸ்விச் பழைய ஊர். ஜகேரா, யுகேரா, உகராபுல் என்னும் ஆதிகுடிகளின் நிலம் அது. 1827-ஆம் ஆண்டில் சுண்ணாம்புக்கல் வெட்டிச் சுடுவதற்காகக் கைதிகளை அங்கே அனுப்பினார்கள். அதனால் ஊரின் முதற்பெயரே 'லைம்ஸ்டோன்', அதாவது சுண்ணாம்புக்கல் என்பதாயிற்று. 1843-இல் இப்ஸ்விச் என்று பெயர் மாற்றினார்கள். பின்னர் நிலக்கரிச் சுரங்கங்கள் பெருகின. குயின்ஸ்லாந்தின் முதல் ரயில் 1865-ஆம் ஆண்டில் புறப்பட்டது இந்த ஊரிலிருந்துதான். இச்செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னால் அதற்குத் தேவை வரும்.

இனி மக்கள் தொகையைப் பார்ப்போம். இப்ஸ்விச் நகராட்சிப் பகுதியில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 1,66,904 பேர் இருந்தனர். 2016-இல் 1,93,733 பேர். 2021-இல் 2,29,208 பேர். கடைசி ஐந்தாண்டுகளில் மட்டும் கூடியவர்கள் 35,475 பேர். நாட்கணக்காக வகுத்தால், ஒவ்வொரு நாளும் சுமார் 19 பேர் கூடியிருக்கிறார்கள். வீட்டுக்கு மூன்று பேர் என்று கொண்டால், ஞாயிறு, பண்டிகை என்று பாராமல் நாள்தோறும் ஆறு வீடுகள் எழும்ப வேண்டும். ஐந்து நாட்களில் முப்பது வீடுகள். அது ஒரு தெரு. வாரம் ஒரு தெரு முளைக்கும் ஊர் என்று சொன்னால் அது மிகையாகாது.

இவ்வளவு பேர் எங்கிருந்து வருகிறார்கள்? ஓர் ஊரின் மக்கள் தொகை மூன்று வாய்க்கால்களால் நிரம்புகிறது. பிறப்பு இறப்பைவிட மிகுதியாக இருப்பது முதலாவது. உள்நாட்டின் பிற பகுதிகளிலிருந்து குடிபெயர்ந்து வருவது இரண்டாவது. வெளிநாட்டிலிருந்து வருவது மூன்றாவது. இப்ஸ்விச்சில் மூன்றும் பாய்கின்றன. பிரிஸ்பேனில் மனை விலை உயர உயர, இளங்குடும்பங்கள் விலை குறைந்த இடத்தைத் தேடி நகரின் விளிம்புக்கு நகர்கின்றன. இப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் முப்பது வயதை ஒட்டியவர்களாகையால், வந்த சில ஆண்டுகளில் பிறப்பும் கூடுகிறது.

இந்த வளர்ச்சியில் நம்மவர் ஒருவருக்கும் பெரும் பங்குண்டு. மகா சின்னத்தம்பி என்பவர் மலேயாவில் இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவுக்குச் சென்று சிவில் பொறியியல் படித்தவர். அவரும் அவருடைய கூட்டாளியான பாப் ஷார்ப்ளஸ் என்பவரும் 1992-ஆம் ஆண்டில் இப்ஸ்விச்சின் கிழக்கு எல்லையில் 2,860 ஹெக்டேர் நிலத்தை வாங்கினார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ 7,000 ஏக்கர். அன்று அது யூகலிப்டஸ் மரங்களும் புதரும் மண்டிய மேட்டு நிலம். அங்கே ஒரு முழு நகரத்தையே அமைக்கப் போவதாக அவர்கள் சொன்னார்கள். அந்நகருக்கு ஸ்பிரிங்ஃபீல்ட் என்று பெயர். 1997-இல் குயின்ஸ்லாந்து சட்டசபை அந்த நிலத்தின் பயன்பாட்டுக்கெனத் தனிச் சட்டமே இயற்றியது.

அந்நகரில் எது எப்போது வந்தது என்பதை வரிசையாகக் கவனியுங்கள். பல்கலைக்கழகக் கிளை 2006-இல் வந்தது. பெரிய கடைத்தொகுதி 2007-இல் திறந்தது. நடுப்பகுதியில் அரசு உயர்நிலைப் பள்ளி 2011-இல் தொடங்கிற்று. ரயில் 2013-ஆம் ஆண்டு டிசம்பரில் வந்து சேர்ந்தது. தனியார் மருத்துவமனை ஒன்று 2015-இல் திறக்கப்பட்டது. நிலம் வாங்கியதற்கும் ரயில் வந்ததற்கும் இடையே 21 ஆண்டுகள்! 1992-இல் பிறந்த குழந்தை பள்ளிப் படிப்பை முடித்து, வாக்குரிமையும் பெற்று, வேலைக்குப் போகும் வயதில்தான் தன் ஊர் ரயிலைக் கண்டிருக்கும். மாநிலத்தின் முதல் ரயில் 1865-இல் புறப்பட்ட நகராட்சியிலேயே இந்த நிலை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதில் எவரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. ஏன் இப்படி நேர்கிறது என்பதை அறிந்துகொள்வதே முக்கியம். ஒரு புதிய ஊர் மூன்று பணப்பைகளிலிருந்து கட்டப்படுகிறது. முதற்பை நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவருடையது. அவர் உட்சாலை போட்டு, குடிநீர், கழிவுநீர்க் குழாய் பதித்து, பகுதி பகுதியாக மனைகளை விற்கிறார். ஒரு பகுதியை விற்ற பணம் அடுத்த பகுதிக்கு முதலாகிறது. ஆகவே அவர் முதலில் விற்றாக வேண்டும். இரண்டாவது பை நகராட்சியுடையது. புதிய மனை ஒவ்வொன்றுக்கும் அது கட்டணம் வசூலித்துப் பெருஞ்சாலை, பூங்கா, வடிகால் முதலியவற்றை அமைக்கிறது. அந்தக் கட்டணத்துக்கு 2011-ஆம் ஆண்டில் மாநில அரசு உச்சவரம்பு விதித்தது. மூன்று படுக்கையறையோ அதற்கு மேலோ உள்ள வீட்டுக்கு 28,000 டாலர் என்பது அன்றைய வரம்பு. பின்னர் அது உயர்த்தப்பட்டது. மூன்றாவது பை மாநில அரசினுடையது. அரசுப் பள்ளி, அரசு மருத்துவமனை, ரயில் ஆகியவை அதிலிருந்துதான் வரவேண்டும்.

முதற்பை மக்கள் வருவதற்கு முன்னரே திறக்கிறது. இரண்டாவது பை மக்கள் வரும்போது திறக்கிறது. மூன்றாவதோ, மக்கள் வந்து அமர்ந்து, எண்ணப்பட்டு, மனுக்கொடுத்த பிறகே பெரும்பாலும் திறக்கிறது. இந்த முன்பின் முரண்பாட்டுக்கு இடையில் விழும் ஆண்டுகளில்தான், நான் முதலில் சொன்ன எழுதப்படாத தவணையைக் குடியிருப்போர் செலுத்துகிறார்கள். அதை அவர்கள் காசாகச் செலுத்துவதைவிட மிகுதியாகக் காலமாகவே செலுத்துகிறார்கள்.

என் மகள் வீட்டு மனை 400 சதுர மீட்டர். ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிரவுண்டு. வீடு நல்ல வீடு. தெருவும் சுத்தமான தெரு. மாப்பிள்ளைக்குப் பிரிஸ்பேனின் வடபகுதியில் வேலை. விடியுமுன் ஐந்தரை மணிக்குக் கார் புறப்படும் ஓசை கேட்கும். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று கொண்டால் சாலையில் கழிவது 720 மணி. இரவும் பகலும் சேர்த்து முழு முப்பது நாள்! ஆண்டில் ஒரு மாதத்தை அவர் காரின் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தே கழிக்கிறார். ஒரே கார் இருந்த காலத்தில் மகள் வேலைக்குப் போக இயலவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவரிடம் போவதற்கும் மாலை வரை காத்திருக்க வேண்டும். பிறகு கடன் வாங்கி இரண்டாவது காரும் வாங்கினார்கள்.

"இடம் மலிவு என்றுதான் மாமா இங்கே வந்தோம். மிச்சம் பிடித்ததில் பாதி பெட்ரோலுக்கும் இரண்டாவது காருக்கும் போய்விட்டது" என்றார் மாப்பிள்ளை. குறை கூறும் குரலில் அன்று. ஒரு கணக்கை ஒப்புவிக்கும் குரலில்தான் சொன்னார்.

ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில் பள்ளியைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பழைய ஊரில் எல்லா வயதினரும் கலந்து வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளின் எண்ணிக்கை பெரிதும் மாறுவதில்லை. புதிய ஊரில் ஒரே வயதுடைய பெற்றோர் ஒரே காலத்தில் குடியேறுவதால், பிள்ளைகள் அலையாக வருகிறார்கள். முதலில் தொடக்கப் பள்ளி நிரம்பி வழியும். பெயர்த்து வைக்கும் தற்காலிக வகுப்பறைகள் விளையாட்டுத் திடலில் வந்து நிற்கும். ஏழெட்டு ஆண்டுகள் சென்றபின் அதே அலை உயர்நிலைப் பள்ளியில் மோதும். ஸ்பிரிங்ஃபீல்டின் தென்பகுதியான ஸ்பிரிங் மவுண்டனில் 2019-ஆம் ஆண்டில் புதிய தொடக்கப் பள்ளி திறக்க நேர்ந்தது, குடியேற்றம் அத்திசையில் நகர்ந்ததால்தான். இந்த அலையை முன்கூட்டியே கணிப்பது அரிய வித்தையன்று. எத்தனை மனை விற்றது என்று தெரிந்தால், ஐந்தாண்டுக்குப் பின் எத்தனை மேசை வேண்டும் என்று எந்தத் தலைமையாசிரியரும் சொல்லிவிடுவார்.

மண்ணும் நீரும் கூட இந்தக் கணக்கில் சேர வேண்டியவை. இப்ஸ்விச்சின் நடுவே ஓடும் பிரெமர் ஆறு 1974-இல் 20.7 மீட்டர் உயரமும், 2011-இல் 19.4 மீட்டர் உயரமும் பெருகியது. 2022-இலும் வெள்ளம் வந்தது. ஆற்றங்கரைத் தாழ்நிலத்தை விட்டு மேட்டு நிலத்தில் வீடு கட்டுவது அறிவுடைமையே. எனினும், காடாக இருந்தபோது மழைநீரை உறிஞ்சிய மண், கூரையும் தாருமாக மாறியபின் அதை உடனே கீழே தள்ளிவிடுகிறது. ஆகையால் புதிய குடியிருப்புகளில் நீரைத் தேக்கி மெல்ல விடும் குட்டைகளும் அமைக்கப்பட வேண்டும். ஸ்பிரிங்ஃபீல்டை அடுத்து வெள்ளைப் பாறை, ஸ்பிரிங் மவுண்டன் ஆகிய குன்றுகளைச் சூழ்ந்த சுமார் 2,500 ஹெக்டேர் காட்டைக் கட்டடம் எழுப்பாமல் காத்து வைத்திருப்பது பாராட்டத்தக்கது.

இப்போது ரிப்ளிக்குத் திரும்புவோம். 2010-ஆம் ஆண்டு அக்டோபரில் அந்தப் பள்ளத்தாக்கின் 4,680 ஹெக்டேர் நிலத்தை முன்னுரிமை வளர்ச்சிப் பகுதியாக மாநில அரசு அறிவித்தது. 50,000 வீடுகள், 1,20,000 மக்கள் என்பது திட்டம். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து ரிப்ளி வழியாக இப்ஸ்விச்சுக்கு ரயில் வரவேண்டும் என்று தடமும் குறித்துக் காத்து வைத்திருக்கிறார்கள். தடம் இருக்கிறது, ரயில் இல்லை. அறிவித்த ஆண்டில் பிறந்த குழந்தை இன்று உயர்நிலைப் பள்ளி மாணவன். ஸ்பிரிங்ஃபீல்டில் ஆனது போல 21 ஆண்டுகள் என்று எண்ணினால் 2031 ஆகிறது. அதற்குள்ளாவது ரயில் வருமா என்பதே அங்குள்ளோர் கேள்வி.

மறுதரப்பினர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆளில்லாத ஊருக்கு ரயில் விட்டால் யார் ஏறுவது? நோயாளி இல்லாத இடத்தில் மருத்துவமனை எதற்கு? வரி கொடுக்கும் பிற ஊரார் காலி வண்டிக்கு ஏன் செலவு செய்ய வேண்டும்? இவை புறக்கணிக்கத்தக்க கேள்விகள் அல்ல. எல்லாவற்றையும் முதல்நாளே அமைக்க எந்த அரசாலும் இயலாது.

ஆனால், எல்லாம் முதல்நாளே வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. முதல் நூறு வீடுகளுக்கு ஒரு பேருந்து போதும். ஆயிரம் வீடுகளுக்கு ஒரு தொடக்கப் பள்ளியும் ஒரு மருத்துவரும் வேண்டும். பத்தாயிரம் வீடுகளுக்கு ரயில் வேண்டும். இத்தனை மனை விற்றால் இன்னது வரும் என்னும் படிக்கட்டை மனை விற்பனைக்கு முன்னரே வகுத்து, மூன்று பணப்பைகளையும் அதற்குக் கட்டுப்படுத்திவிட்டால், எழுதப்படாத தவணை பெரிதும் குறையும். ஸ்பிரிங்ஃபீல்ட் இன்று ரயிலும் பள்ளியும் மருத்துவமனையும் உள்ள ஊராக நிற்பதே, இது நடக்கக்கூடிய காரியம் என்பதற்குச் சான்று. இடைக்காலத்தைச் சுருக்குவதுதான் எஞ்சியிருக்கும் பணி.

நான் ஊர் திரும்பும் நாளுக்கு முந்திய மாலையில் பேத்தியுடன் தெருமுனை வரை நடந்தேன். அதற்கப்பால் ரயிலுக்கென விட்ட நிலத்தில் புல் வளர்ந்திருந்தது. "தாத்தா, நீங்கள் அடுத்த முறை வரும்போது இங்கே ரயிலில் வந்து இறங்கலாமா?" என்று கேட்டாள். எனக்கு அறுபத்தேழு வயது, அவளுக்கு ஆறு. நான் இறங்குவேனோ இல்லையோ, அவள் கல்லூரிக்குப் போவதற்காவது அந்த ரயில் வந்து நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம்.