செயலிப் போட்டிக்கு மாணவர் குழு அமைத்தல்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளியிலிருந்து அறிவிப்புத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து, "செயலிப் போட்டிக்குக் குழு சேர்க்கிறார்கள், நானும் சேரட்டுமா?" என்று கேட்பது இந்நாளில் வியப்பன்று. கைபேசியில் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்து தரும் நிரலையே செயலி என்கிறோம். தாம் வாழும் பகுதியின் குறை ஒன்றைக் கண்டறிந்து, அதைத் தீர்க்க உதவும் செயலியை மாணவர்களே ஆக்கிக் காட்டவேண்டும் என்பது இத்தகைய போட்டிகளின் நோக்கம். கணிப்பொறியில் சிறந்த பிள்ளைகளை மட்டும் திரட்டினால் வெற்றி உறுதி என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று என்பதை விளக்கவே இப்பேச்சு.

மும்பையின் தாராவியை நேயர்கள் நன்கறிவர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகச் சென்றவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அங்குக் குடியேறினர். அத்தாராவியின் குடிசைப் பகுதி ஒன்றில் வாழும் சிறுமியர் சிலர், 'தாராவி டைரி' என்னும் தொண்டு முயற்சியின் துணையால் செயலிகள் ஆக்கக் கற்றனர். 2016ஆம் ஆண்டளவில் அவர்களைப் பற்றிய செய்தி பல நாடுகளில் பரவிற்று. அவர்கள் ஆக்கியவற்றுள் ஒன்று 'பானி'. பொதுக் குழாயடியில் குடத்துடன் காத்து நிற்பது யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்பிள்ளைதான். அதனால் பள்ளிக்குப் பிந்துபவளும் அவளே. வரிசையில் தன் முறை வரும்போது கைபேசி அறிவிக்குமாயின், அதுவரை அவள் வீட்டிலிருந்து பாடம் படிக்கலாம் அன்றோ? 'விமன் ஃபைட் பேக்' என்பது மற்றொன்று. ஆபத்து நேர்ந்தால் ஒலியெழுப்பவும், தான் இருக்கும் இடத்தை வேண்டியவர்களுக்குத் தெரிவிக்கவும் அது உதவும்.

இவற்றை ஆக்க அவர்கள் பயன்படுத்திய 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவியை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் இலவசமாக வழங்கி வருகிறது. கட்டளைகளைச் சொற்களாக எழுதாமல், வண்ணத் துண்டுகளாகத் திரையில் ஒன்றோடொன்று பொருத்தினால் செயலி உருவாகும். சிறுவர் சிறுமியர் சில வாரங்களில் இதைக் கற்றுவிடலாம். குழாயடியின் துன்பத்தை அறிந்தவளோ எல்லாக் குழுவிலும் கிடைக்கமாட்டாள். ஆதலின் குழு சேர்ப்பவர் முதலில் தேடவேண்டியது அவளைத்தான்.

போட்டிகளின் விதிகள் வெவ்வேறானவை. 'டெக்னோவேஷன் கேர்ள்ஸ்' என்பது 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கி, இன்று பல நாடுகளில் நடைபெறுவது. 8 முதல் 18 வயது வரையுள்ள பெண்களுக்கு உரியது; ஒரு குழுவில் ஐவர் வரை இருக்கலாம். பெரியவர் ஒருவர் வழிகாட்டலாம். ஆனால் நிரலை அவர் எழுதித் தரலாகாது. 2015ஆம் ஆண்டு இப்போட்டியில் பெங்களூரு மாணவியர் ஐவர் வென்றனர். வீட்டில் சேரும் உலர்ந்த கழிவுப் பொருள்களை விற்கவும் வாங்கவும் வழிசெய்யும் செயலி அவர்களுடையது.

கல்லூரி மாணவர்களுக்கு 2017 முதல் மத்திய அரசு நடத்திவரும் 'ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தான்' உண்டு. அதில் ஒரு குழுவுக்கு அறுவர். அவர்களுள் ஒருவரேனும் பெண்ணாக இருத்தல் கட்டாயம். விதிக்காக ஒருத்தியின் பெயரைக் கடைசி நாளில் எழுதிச் சேர்த்துவிட்டு, அவளிடம் ஒரு வேலையும் ஒப்படைக்காத குழுக்களும் இருக்கக்கூடும். அப்படிச் சேர்ப்பதைவிட விதியை மீறிப் போட்டியை இழப்பது நேர்மை என்பேன்.

குழுவில் பலவகைப் பிள்ளைகள் இருக்கவேண்டியதன் காரணத்தைக் குழாயடியைக் கொண்டே விளக்கலாம். வரிசைச் செயலி ஒன்றை ஐந்து கெட்டிக்காரப் பிள்ளைகள் ஆக்கிவிட்டனர் என்று வைத்துக்கொள்வோம். ஐவர் வீட்டிலும் கைபேசி உண்டு. அதே சந்தில் கைபேசி இல்லாத பாட்டி ஒருத்தி இருக்கிறாள். விடியுமுன் எழுந்து குடத்தை முதலில் வைத்துவிடுவது அவளுக்கிருந்த ஒரே சௌகரியம். செயலி வந்தபின் அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் கடைசியில்தான் நிற்பாள்! "பாட்டிக்கு யார் பதிவு செய்வது?" என்று கேட்கும் பிள்ளை ஒருத்தி குழுவில் இருந்தால், பக்கத்து வீட்டார் பதிவு செய்ய ஓர் ஏற்பாடு செயலியிலேயே அமைந்துவிடும். இல்லையெனில், நல்ல எண்ணத்துடன் ஒரு தீங்கு நடந்துவிடும்.

இங்கே நம்மவர்க்கே உரிய ஒரு சொல். வெளியூரில் பிழைக்கும்போது நம் மொழி பேசுவோரையே நாடுவது இயல்பு. பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளாகவே பார்த்துக் குழு சேர்த்துவிடுவர். அது வேண்டா. ஒரு தெருவின் குறையைக் கேட்டறியவேண்டுமானால் மராட்டிய மூதாட்டியிடமும், பீகாரிலிருந்து வந்த கூலியாளிடமும், நம்மூர் ஆச்சியிடமும் அவரவர் மொழியில் பேச ஆள் வேண்டும். நம் வீட்டுப் பெண்ணின் தமிழ், அவ்விடத்தில் பிறர்க்கில்லாத ஒரு திறமை. வெளியூரில் எதற்குத் தமிழ் என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, குழுவில் தனக்கென்று ஓர் இடம் அதனாலேயே கிடைப்பது வேடிக்கையான மகிழ்ச்சி.

வேலைப் பங்கீட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மக்களிடம் கேட்டு எழுதிவர ஒருவர், திரையின் தோற்றத்தைத் தாளில் வரைய ஒருவர், துண்டுகளைப் பொருத்த இருவர், நடுவர்க்குக் காட்டும் குறும்படத்தில் பேச ஒருவர் என ஐவர்க்கும் வேலை உண்டு. எனினும், துண்டு பொருத்தும் வேலை ஒரே பிள்ளையிடம் சிக்கிவிடலாகாது. ஒருவர் விசைப்பலகையில் இருக்க, மற்றவர் அருகிலிருந்து பிழை பார்த்துச் சொல்லி, இருபது நிமிடத்துக்கொருமுறை இடம் மாறுவது நல்ல பழக்கம். தந்தையின் வேலை மாற்றத்தால் ஒரு குடும்பம் திடீரென ஊர்விட்டு ஊர் போவது நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு வேலையும் இருவர்க்குத் தெரிந்திருந்தால் குழு குலையாது.

இனிப் பெற்றோர். தேர்வு நெருங்கும் காலத்தில் பெண்பிள்ளையை மாலையில் வெளியே அனுப்ப அவர்கள் தயங்குவதில் தவறில்லை. அத்தயக்கத்தைக் குழுவினர் முதல் நாளிலேயே மதித்து நடக்கவேண்டும். வாரத்தில் எந்த இரண்டு நாள், எந்த வீட்டில் அல்லது வகுப்பில், எத்தனை மணிவரை, உடனிருக்கும் பெரியவர் யார், திரும்பும்போது துணை யார் என்பதை ஒரு தாளில் எழுதி ஐந்து வீட்டிற்கும் கொடுத்துவிடலாம். குறும்படத்தில் பிள்ளையின் முகமும் வீடும் தெரியுமானால் அதற்கும் முன்கூட்டி அனுமதி பெறுதல் நலம். அத்தாளை ஆங்கிலத்தில் மட்டும் எழுதாமல், அந்தந்த வீட்டு அம்மா படிக்கக்கூடிய மொழியிலும் எழுதவேண்டும். படிக்கத் தெரியாத வீட்டில் வழிகாட்டும் ஆசிரியை நேரில் சென்று படித்துக் காட்டவேண்டும்.