வாய்க்காலோரத்துக் கதை

"சுவாமி, இவன் என்னோட கதைக்கிறானில்லை. போனோடதான் எல்லாக் கதையும்."

இப்படி எம்மிடம் குறைப்பட்டவர் 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. 2015 இன் பின்னர் அங்கு காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டும் அவரது தோட்டம் கிடைக்கவில்லை. இரவல் காணியில் வீடு, பிறர் தோட்டத்தில் கூலி வேலை. மகன் சாதாரண தரம் படிக்கிறான்.

"நீங்கள் உங்கட ஐயாவோட எப்ப கதைச்சனீங்கள்?" என்று கேட்டோம். சற்று யோசித்தார். "இறைப்பு நேரத்திலதான்."

விடியப்புறம் ஐயா மண்வெட்டியுடன் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்புவார். இவர் பின்னால் நின்று, நிறைந்த பாத்தியை மண்ணிட்டு அடைப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. ஆனால் வெங்காய விலை, சீட்டுக் காசு, மாமா வீட்டுச் சண்டை, படிப்பு ஏறாத கவலை எல்லாம் அந்த வாய்க்காலோரத்தில்தான் பேசப்பட்டன.

இழந்த காணியைப் பரப்புக் கணக்கில் எழுதிக் கொடுக்கிறோம். அதனோடு போன இந்தக் கதைக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை. தாய்க்கும் மகளுக்கும் அடுப்படியாவது மிஞ்சியது. தகப்பனுக்கும் மகனுக்கும் மிஞ்சியது "படி", "எங்கே போனாய்?" என்ற இரண்டு சொற்கள்தான்.

கட்டிளமைப் பருவத்தில் பிள்ளை பெற்றோரைவிட நண்பர்களை நாடுவதும் எதையும் எதிர்த்துக் கேட்பதும் வளர்ச்சியின் இயல்பு. விளைவை நிதானித்து முடிவெடுக்கும் மூளைப்பகுதி இருபது வயது கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த வயதில் எதிரே இருத்திக் கேட்கும் கேள்வி விசாரணையாகவே படும். சோதனைச் சாவடிகளில் நின்ற எமக்கு இது விளங்காத விடயமல்ல. பக்கத்தில் நின்று வேலை செய்யும்போதுதான் பிள்ளையின் வாய் திறக்கும்.

"அப்ப அவனையும் கூலிக்குக் கூட்டிப் போறதோ? நான் இன்னொருவரின் தோட்டத்தில நிக்கிறதை அவன் பார்க்கக்கூடாது," என்றார். நோவு அங்கேதான் இருந்தது. வீட்டில் மௌனமாக இருந்தது மகன் மட்டுமல்ல.

கூலிக்குக் கூட்டிச் செல்லச் சொல்லவில்லை. பழைய உரப்பைகளில் மண் நிரப்பி, முற்றத்தில் கத்தரியும் மிளகாயும் வைக்கலாம் என்றோம். கன்று வாங்குவதும் கணக்கு எழுதுவதும் மகன் பொறுப்பு. அவன் எடுக்கும் முடிவில் தகப்பன் கை வைக்கக்கூடாது. (இதற்குத்தான் அவர் இலகுவில் சம்மதிக்கவில்லை. விவசாயி அல்லவா!)

மகன் ஒரு பைக்கு நான்கு கன்று நட்டான். நெருக்கம் என்று தெரிந்தும் தகப்பன் வாயை அடக்கிக்கொண்டார். தண்ணீரும் அளவுக்கு மிஞ்சியது. பாதிக் கன்றுகள் அழுகின. காசு நட்டம்தான். அவர் ஏசவில்லை, மகனோடு குந்தியிருந்து செத்த கன்றுகளைப் பிடுங்கினார்.

அன்று மகனே கேட்டானாம்: "அப்பா, ஊரில நீங்கள் எவ்வளவு இடைவெளி விட்டு நட்டனீங்கள்?"

கையைச் சாணாக விரித்துக் காட்டி, கிணற்றடிப் பாத்தியிலிருந்து சொல்லத் தொடங்கியிருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குத் தாய் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்ததாம்.