மண்ணை விற்க மறுத்த தேசம்

நம் வீடுகளில் பித்தளையையும் வெண்கலத்தையும் பரணுக்கு அனுப்பிவிட்டு அடுக்களையைத் தன் வசமாக்கிக்கொண்ட எவர்சில்வர், உயர்ந்த ரகமாயின் இரும்புடன் நூற்றுக்கு 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்த கலப்பு உலோகம் என்பதும், பாத்திரக் கடையில் காந்தத்தை வைத்துப் பார்த்து, அது ஒட்டாவிட்டால் நல்ல சரக்கென்று திருப்தியடையும் இல்லத்தரசி தம்மை அறியாமலேயே அந்த நிக்கலின் காரியத்தைத்தான் பரீட்சிக்கிறார் என்பதும் பலர் எண்ணிப் பாராத விஷயம். (மாங்கனீஸ் மிகுந்த மலிவு ரகமும் காந்தத்தில் ஒட்டாதாகையால், அந்தப் பரீட்சையை முற்றும் நம்பிவிட வேண்டாம்.) இந்த நிக்கலின் பொருட்டுத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 நவம்பரில் இந்தோனேசியாவின் மீது உலக வர்த்தக அமைப்பில் தாவா தொடுத்தது. தன் மண்ணில் கிடைக்கும் கனிமத்தை விற்கமாட்டேன் என்று ஒரு தேசம் சொல்லுமாயின், வாங்க வந்தவன் வழக்காடும் உரிமையை எங்கிருந்து பெற்றான் என்று சாமானிய மனிதர் கேட்பது நியாயமே.

இந்தோனேசியாவின் சுலவேசி, ஹல்மஹேரா தீவுகளில் நிக்கல் இருப்பது பெரும்பாலும் செம்மண்ணாகவே. வெப்ப மண்டலத்து மழை யுக யுகமாகப் பாறையைக் கரைத்து, கரையாமல் எஞ்சிய உலோகத்தை அம்மண்ணில் தங்கவைத்திருக்கிறது. நூறு டன் தாதுவை வெட்டியெடுத்தாலும் அதில் நிக்கல் இரண்டு டன்னை எட்டுவது அரிது. மிச்சமெல்லாம் மண்ணும் ஈரமுந்தான். அந்த ஈரமோ ஆபத்தானது: கப்பலின் அடித்தளத்தில் கொட்டிய தாது, அலையின் ஆட்டத்தில் குலுங்கிக் குலுங்கிச் சேறாகிக் குழம்பி ஒரு பக்கமாகச் சரியுமானால், கப்பல் நிமிராமலே கவிழ்ந்துவிடும். 2010-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தோனேசியத் தாதுவை ஏற்றிச் சென்ற மூன்று கப்பல்கள் சில வார இடைவெளியில் மூழ்கி, 40-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். இப்படி உயிரையும் பணயம் வைத்து மண்ணாகவே கடல் கடந்த சரக்கு, சீனத்து உலைகளில் உருகி உலோகமாகிப் பன்மடங்கு விலைக்கு விற்பனையாவதையும், வெட்டிய குழியும் கலங்கிய கடலும் மாத்திரமே தம் பங்காக நிற்பதையும் கண்ட இந்தோனேசியர் மனம் குமுறியதில் வியப்பில்லை.

ஆகவே 2009-இல் இயற்றிய சுரங்கச் சட்டத்தின் வழியே, தாதுவை உள்நாட்டிலேயே உருக்கிய பின்னர்தான் ஏற்றுமதி செய்யலாம் என்று அரசு விதித்தது. 2014 ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது. 2017-இல் சற்றுத் தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் தேதியன்று நிக்கல் தாதுவுக்கு முழுமையாக விழுந்தது. ஐரோப்பியரின் எவர்சில்வர் ஆலைகள் கூக்குரலிட்டன.

அவர்கள் கையிலெடுத்த ஆயுதம், 1947-இல் உருவான சுங்க வர்த்தகப் பொது உடன்படிக்கையின் பதினோராவது ஷரத்து. இறக்குமதியானாலும் ஏற்றுமதியானாலும் அளவு குறித்த தடையோ கட்டுப்பாடோ கூடாது என்பது அதன் சாரம். இதில் ஒரு விநோதம் உண்டு: ஏற்றுமதிக்கு வரி விதிப்பதை அந்த ஷரத்து தடுக்கவில்லை. தடைக்கு நிகராக விலையை ஏற்றிவிடும் வரியைச் சட்டம் பொறுத்துக்கொள்ளும். 'விற்கமாட்டேன்' என்று வெளிப்படையாகச் சொல்வதைத்தான் பொறாது. உணவு முதலிய அத்தியாவசியப் பொருளுக்குக் கடும் தட்டுப்பாடு நேர்ந்தால் தற்காலிகமாகத் தடுக்கலாம் என்ற விலக்கும், தீரக்கூடிய இயற்கை வளத்தைப் பாதுகாக்கும் பொருட்டுத் தடுக்கலாம் என்று இருபதாவது ஷரத்து அளிக்கும் விலக்கும் இருக்கவே இருக்கின்றன. ஆனால் அந்தப் பாதுகாப்பு, உள்நாட்டாரின் உற்பத்தியையோ நுகர்வையோ உடன் கட்டுப்படுத்துவதாகவும் இருக்கவேண்டும்.

இந்த இறுதி நிபந்தனையில்தான் சீனா முன்னமே இடறி விழுந்தது. 2010 செப்டம்பரில் சர்ச்சைக்குரிய தீவுகளின் அருகே சீன மீன்பிடி படகொன்று ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பலுடன் மோதிய பின், ஜப்பானுக்குச் செல்லவேண்டிய அருமண் உலோகங்கள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டதாகச் செய்தி பரவிற்று. அப்படி உத்தரவிடவில்லையென்று சீனா மறுத்தது. எனினும் அவ்வுலோகங்களுக்கு அது ஏற்கெனவே ஏற்றுமதி வரம்பு விதித்திருந்தது உண்மை. அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் 2012-இல் தாவா தொடுத்தபோது, சுற்றுச்சூழலைக் காக்கவே இந்த வரம்பு என்று சீனா வாதித்தது. அயலானுக்கு அளந்து கொடுத்துவிட்டு உள்ளூர் ஆலைக்குக் கட்டின்றிக் கொடுப்பது பாதுகாப்பு ஆகாதென்று 2014-இல் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டே சீனா வரம்புகளை நீக்கியது. ஆனால் பிரித்தெடுக்கும் வித்தையும் ஆலைகளும் அதன் கையிலேயே இருந்தமையால், 2025 ஏப்ரலில் ஏழு அருமண் உலோகங்களுக்கு ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்று அறிவித்தபோது உலகத்து மோட்டார்த் தொழில் மறுபடி பதறியது. சட்டத்தில் தோற்றவனிடம் சரக்கு இருந்தது. வென்றவர்களிடம் தீர்ப்பின் நகல் இருந்தது.

மூலப்பொருளைத் தடுப்பது ஆசியரின் குறும்பு என்று ஐரோப்பியர் பேசும்போது, சரித்திரம் அறிந்தோர் புன்னகைக்காமல் இருக்கமுடியாது. இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர், சாயமிட்டுப் பதப்படுத்தாத கம்பளித் துணியை வெளியே அனுப்பலாகாதென்று 1614-இல் ஆணையிட்டார். சாயமிடும் வேலையும் லாபமும் தம் குடிகளுக்கே கிட்டவேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வித்தையில் ஆங்கிலேயர் அப்போது தேர்ச்சி பெற்றிருக்கவில்லை. ஹாலந்துக்காரரோ அத்துணியை வாங்கவே மறுத்தார்கள். 1617-இல் திட்டம் கைவிடப்பட்டது. இந்தோனேசியாவின் திட்டமும் அதே ஆசையில் பிறந்ததுதான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலை, காஸ் விளக்கின் மாண்டிலுக்கு வேண்டிய தோரியத்துக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியர் ஏற்றிச் சென்றதையும், அம்மணலை இங்கேயே பிரிப்பதென்ற நோக்குடன் 1950-இல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியதையும் நினைவுகூர்வோர்க்கு, அந்த ஆசையின் நியாயம் விளங்காமற் போகாது.

ஆசை நியாயமாயிருந்தும் வாதம் சட்டத்தின் முன் நிற்கவில்லை. நிக்கல் தாது அத்தியாவசியப் பொருளென்றும், அதற்குத் தட்டுப்பாடு நேரவிருக்கிறதென்றும், தம் சுரங்கச் சட்டத்தை அமல் செய்யவே தடையென்றும் இந்தோனேசியா கூறியவற்றை விசாரணைக் குழு ஏற்க மறுத்து, 2022 நவம்பர் இறுதியில் தீர்ப்பளித்தது. அடுத்த மாதமே இந்தோனேசியா மேல்முறையீடு செய்தது. அமெரிக்கா புதிய உறுப்பினர் நியமனத்துக்கு இசையாமையால் 2019 டிசம்பரிலேயே மேல்முறையீட்டு மன்றம் செயலிழந்துவிட்டிருந்தது. மனு ஏற்கப்பட்டது, கேட்பதற்கு ஆளில்லை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்வரை கீழ்த் தீர்ப்பு நடைமுறைக்கு வராது என்பது விதி. தோற்ற கட்சிக்கு இதைவிடச் சுகமான நிலை வேறில்லை. இந்த ஏற்பாட்டை நீதி என்று அழைக்க எனக்கு நா எழவில்லை.

இதற்கிடையே சுலவேசியின் மொரோவாலியில் சீன மூலதனத்தால் எழுந்த உலைகள் இரவும் பகலும் எரிகின்றன. உலகத்தில் வெட்டியெடுக்கும் நிக்கலில் பாதிக்கு மேல் இன்று இந்தோனேசியாவினுடையது. அதனால் விலை வீழ்ந்து ஆஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் சுரங்கங்களும் ஆலைகளும் நின்றன. உலைகளுக்கு மின்சாரம் தருவது பெரும்பாலும் நிலக்கரி. 2023 டிசம்பரில் மொரோவாலியில் ஓர் உருக்காலையில் பழுதுபார்க்கும் வேளையில் நேர்ந்த வெடிவிபத்தில் 20 பேரளவில் மாண்டனர். மண்ணாக வெளியேறிய செல்வம் உலோகமாக வெளியேறுகிறது என்பதில் ஐயமில்லை. அதன் லாபத்தில் எவ்வளவு அந்நிய முதலாளிக்கு, எவ்வளவு தீவின் குடிகளுக்கு என்பதில்தான் அந்நாட்டிலேயே வாக்குவாதம் ஓயவில்லை.

2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் இந்தோனேசியாவும் விரிவான வர்த்தக உடன்படிக்கைக்கான பேச்சுவார்த்தையை முடித்துக்கொண்டன. உலைகளின் பசி இப்போது சொந்தத் தாதுவுக்கு அடங்காமையால், இந்தோனேசியா அண்டை நாடான பிலிப்பைன்ஸிடமிருந்து தாதுவை இறக்குமதி செய்கிறது. அந்நாட்டுப் பாராளுமன்றமும் தாது ஏற்றுமதிக்குத் தடை போட ஆலோசித்து, சுரங்க முதலாளிகள் எதிர்த்ததன்பேரில் 2025 ஜூனில் அப்பிரிவை மசோதாவிலிருந்து நீக்கிவிட்டது.