உடலில் ஏறிய ஈயத்தை மருந்தால் இறக்க முடியுமா?

கீலேஷன் சிகிச்சை: யாருக்கு அவசியம், யாருக்கு ஆபத்து

திருகோணமலையின் பாலையூற்று போன்ற, துறைமுகத்தை அண்டிய ஊர்களில் ஈயம் கைக்குப் பழகிய பொருள். வலையின் அடிக்கயிற்றில் கோப்பது ஈயம். வாகன பற்றரிக்குள் இருப்பது ஈயம். பழைய கதவிலும் படகிலும் உரிந்து விழும் பெயின்றிலும் ஈயம் இருக்கக்கூடும். இவற்றோடு புழங்குவோருக்கு உடலில் நஞ்சு சேருமோ என்ற பயம் வருவது நியாயம். அந்தப் பயத்தை நம்பியே உலகெங்கும் ஒரு வியாபாரம் நடக்கிறது. ‘உடலிலுள்ள பார உலோகங்களை எல்லாம் கழுவி எடுத்துவிடுவோம்’ என்று சேலைனும் குளிசையும் சொட்டு மருந்தும் விற்கிறார்கள்.

உடலிலிருந்து உலோகத்தை இறக்கும் கீலேஷன் உண்மையான மருத்துவம்தான். சரியான நோயாளிக்குச் சரியான அளவில் கொடுத்தால் உயிரைக் காக்கும். தேவையில்லாத ஒருவருக்கு ஏற்றினால் அதே மருந்து உயிரைப் பறிக்கவும் கூடும்.

மருந்து என்ன செய்கிறது?

ஈயம், இரசம், ஆசனிக் ஆகியவை உடலுக்குள் போனால் நொதியங்களில் ஒட்டிக்கொண்டு அவற்றின் வேலையைக் கெடுக்கின்றன. கீலேஷன் மருந்தின் மூலக்கூறு, நண்டு கொடுக்குகளால் இரையைக் கவ்வுவதுபோல், உலோகத்தைப் பல பக்கத்தாலும் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பிடிபட்ட உலோகம் நீரில் கரைந்து, பெரும்பாலும் சிறுநீரோடு வெளியேறுகிறது.

இந்த மருந்துகளின் தொடக்கம் போர்க்காலம். ஆசனிக் கலந்த லூயிசைற் என்ற நச்சு ஆயுதத்துக்கு முறிவு தேடிய ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள், இரண்டாம் உலகப் போரின்போது டைமேர்கப்ரோல் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1950களில் ஈ.டி.டி.ஏ. என்ற மருந்து ஈய நஞ்சுக்குப் பயன்படத் தொடங்கியது. கப்பல்களுக்கு ஈயப் பெயின்ற் பூசி நோயுற்ற அமெரிக்கக் கடற்படையினருக்கும் அது கொடுக்கப்பட்டது. வாயால் விழுங்கக்கூடிய சக்சிமர் பின்னால் வந்தது.

யாருக்குத் தேவை?

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டி இரண்டு எண்களை முன்வைக்கிறது. ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அந்த அளவு 45ஐத் தொட்டால் கீலேஷன் கொடுக்க வேண்டும். நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலத்தில் 2010இல் தங்கத் தாது அரைத்த தூசியால் நானூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தபோது, மிஞ்சியவர்களைக் காப்பாற்றியதில் இந்தச் சிகிச்சைக்குப் பெரிய பங்கு உண்டு.

5க்கும் 45க்கும் இடைப்பட்டவர்கள்? அமெரிக்காவில் இரத்த ஈயம் 20 முதல் 44 வரை இருந்த 780 சிறு பிள்ளைகளிடம் சக்சிமரைச் சோதித்தார்கள். 2001இல் வெளியான முடிவு தெளிவானது: இரத்தத்தில் ஈயம் குறைந்தது, ஆனால் பிள்ளைகளின் அறிவாற்றல் மேம்படவில்லை. மூளைக்கு முன்பே நேர்ந்த சேதத்தை மருந்து திருத்துவதில்லை. அத்தோடு, உடலில் தங்கும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் பல்லாண்டுகள் கிடக்கும். மருந்து நின்றதும் அங்கிருந்து மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும்.

இலங்கையில் அன்றாடம் நடக்கும் கீலேஷன்

நம் நாட்டில் இந்தச் சிகிச்சையோடு வாழ்நாள் முழுதும் வாழ்பவர்கள், அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோயாளிகள். அவர்களுக்கான தேசிய நிலையம் குருநாகலில் இருக்கிறது. ஏற்றப்படும் ஒவ்வொரு பைன்ற் இரத்தத்தோடும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடலில் சேர்கிறது. உடல் தானாக வெளியேற்றுவதோ நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். மிஞ்சும் இரும்பு இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதனால் டெஸ்ஃபெரியொக்சமீன் மருந்தைச் சிறு பம்பு மூலம் தோலுக்கடியில், இரவில் எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம், வாரத்தில் ஐந்து நாளாவது ஏற்றுகிறார்கள். இப்போது குளிசைகளும் உண்டு. காது, கண், ஈரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் காலத்துக்குக் காலம் பரிசோதித்தபடிதான் இது நடக்கிறது. கீலேஷனுக்கு எவ்வளவு கவனம் வேண்டும் என்பதை தலசீமியா உள்ள பிள்ளைகளின் தாய்மாரிடம் கேட்டறியலாம்.

ஆபத்து எங்கே?

2005இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் ஈ.டி.டி.ஏ. ஏற்றும்போது இறந்தான். ஈய நஞ்சுக்குரியது கல்சியம் சேர்ந்த ஈ.டி.டி.ஏ.; அவனுக்கு ஏற்றப்பட்டதோ சோடியம் மட்டும் சேர்ந்த வகை. அது இரத்தத்திலுள்ள கல்சியத்தையே பிடித்துக்கொண்டு போக, இருதயம் நின்றுவிட்டது. ஓட்டிசத்தை கீலேஷன் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இருதய அடைப்புக்கும் இதை விற்கிறார்கள். மாரடைப்பு வந்த ஆயிரம் நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2024இல் வெளியானது. இரத்த ஈயம் 61 வீதம் குறைந்தது. மாரடைப்பும் மரணமும் குறையவில்லை.

இன்னொரு தந்திரத்தையும் அறிந்திருக்க வேண்டும். முதலில் கீலேஷன் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதித்து, ‘பாருங்கள், எவ்வளவு ஈயம்’ என்று காட்டுவார்கள். அந்த மருந்து கொடுத்தால் ஆரோக்கியமானவரின் சிறுநீரிலும் உலோகம் கூடத்தான் செய்யும். மருந்து எதுவும் கொடுக்காமல் எடுத்த இரத்தப் பரிசோதனையே ஈயத்துக்கு நம்பத்தக்கது.

திருகோணமலை மாவட்டத்தின் பதவி ஸ்ரீபுர வரை பரவியிருக்கும் சிறுநீரக நோய்க்குக் கட்மியமும் ஆசனிக்கும் காரணமாகலாம் என்று பேசப்பட்டது. காரணம் இன்னும் முடிவாகவில்லை. அந்த நோயாளிகளை யாராவது ‘உலோகம் எடுக்க’ அழைத்தால் போகக் கூடாது. ஈ.டி.டி.ஏ. சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவது. பழுதுபட்ட சிறுநீரகத்தை அது மேலும் கெடுக்கக்கூடும்.

நாம் செய்யக்கூடியது

இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. ஒருவருக்கும் ஊசி போடாமலே இலட்சக்கணக்கானோரின் மூச்சில் ஈயம் குறைந்தது. வீட்டிலும் அதே வழிதான். ஈயத்தைச் சமையலறையிலோ பிள்ளைகள் விளையாடும் முற்றத்திலோ உருக்க வேண்டாம். பழைய பெயின்றைக் காய்ந்தபடி சுரண்டாமல் நனைத்துச் சுரண்டுங்கள். வேலை உடுப்பை வேறாகத் துவையுங்கள். சிறு பிள்ளையின் உடல், உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். இரும்பும் கல்சியமும் குறைந்திருந்தால் இன்னும் கூடும். நெத்தலியும் குரக்கனும் கீரையும் பிள்ளையின் சாப்பாட்டில் இருக்கட்டும். இரசம், ஈயம் சேர்ந்த பற்பம், செந்தூரம் உட்கொள்பவர்கள் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வயிற்றுவலி, இரத்தச்சோகை, கை தளர்ச்சி இருந்து, ஈயத்தோடு வேலையும் செய்பவர் என்றால், அரச வைத்தியசாலைக்குப் போய் உங்கள் தொழிலைச் சொல்லி இரத்த ஈயப் பரிசோதனை கேளுங்கள். வைத்தியர்களுக்கு ஆலோசனை வழங்க, கொழும்பு தேசிய வைத்தியசாலையில் தேசிய நச்சுத் தகவல் நிலையம் இருக்கிறது. ஈயம் வார்ப்போர், பற்றரி வேலை செய்வோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு இந்தப் பரிசோதனை கேட்காமலே கிடைக்க வேண்டும். சுகாதாரத் துறை அதைத் தன் கடமையாக ஏற்றால், கீலேஷன் தேவைப்படும் நிலைக்குப் பிள்ளைகள் போகுமுன்பே அவர்களைக் காத்துவிடலாம்.