சாரலுக்கு முன்னே ஒரு கடமை

கோடை விடுமுறையும் மக்கள் கூட்டமும் உதகை, கொடைக்கானல் போன்ற ஊர்களில் ஏப்ரல், மே மாதங்களில் ஒன்றாக வந்து ஒன்றாகப் போகின்றன. பள்ளி திறக்கும் வேளையில் அங்கே கூட்டம் குறைந்துவிடும்; பிள்ளைகளும் புத்தகப் பையைத் தேடத் தொடங்குவர். குற்றாலத்தின் கணக்கு இதற்கு நேர்மாறானது. விடுமுறை முழுவதும் வெயிலில் காய்ந்து கிடக்கும் பாறை, பள்ளி திறக்கும் நாளில்தான் அருவியாக மாறுகிறது.

தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1-ஆம் தேதியையொட்டிக் கேரளத்தில் தொடங்கும். ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று நம் பக்கம் சாரலாகத் தூவும். தமிழகப் பள்ளிகள் 2024-இல் ஜூன் 10 அன்றும், 2025-இல் ஜூன் 2 அன்றும் திறக்கப்பட்டன. 2025-இல் பருவமழையோ மே 24 அன்றே கேரளத்தை எட்டிவிட்டது. ஆக, அருவியின் முதல் இரைச்சலும் பள்ளியின் முதல் மணியும் ஏறத்தாழ ஒரே வேளையில் நம் காதில் விழுகின்றன. பிள்ளையின் கால்கள் எந்தப் பக்கம் போகும் என்பதை அன்று காலையில் முடிவு செய்ய இயலாது. அதை மே மாதத்திலேயே முடிவு செய்தாக வேண்டும்.

சீசன் தொடங்கியதும் நம் இல்லங்களில் நிகழ்வது என்ன? வெளியூர் உறவினர் வந்து இறங்குகின்றனர். அருவிக்கரையில் கடை வைத்திருப்போர்க்கு மூச்சுவிட நேரமில்லை. மங்குஸ்தானும் ரம்புட்டானும் கூடை கூடையாக வந்து இறங்குகின்றன. "நாலு நாள் கழித்துப் பள்ளிக்குப் போனால் என்ன? முதல் வாரத்தில் என்ன பாடம் நடத்திவிடப் போகிறார்கள்?" என்னும் பேச்சு எழுகிறது. நாலு நாள் நாற்பது நாளாகிறது.

முதல் வாரங்களில் பாடமே நடப்பதில்லை என்பது தவறான எண்ணம். சென்ற ஆண்டுப் பாடங்களை ஆசிரியர் மீண்டும் நினைவூட்டுவதும், புதிய பாடங்களுக்கு அடித்தளம் இடுவதும் அந்நாள்களில்தான். அவற்றைத் தவறவிட்டு ஜூலையில் வரும் பிள்ளை, தன் வகுப்பிலேயே விருந்தாளியாகிறது. பிறர்க்குப் புரிவது தனக்குப் புரியவில்லை என்னும் வெட்கம் மனத்தில் படிகிறது. வெட்கம் வெறுப்பாகிறது. "எனக்குப் படிப்பு வரவில்லை, கடையிலேயே இருந்துகொள்கிறேன்" என்று பிள்ளை சொல்லும்பொழுது, அதை அதன் விருப்பம் என்று நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

மறதி இயற்கையே

கற்றதை மீண்டும் எண்ணிப் பாராவிடில் அது விரைந்து மறந்துபோகும் என்பதை ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ் 1885-ஆம் ஆண்டிலேயே தம்மைத் தாமே சோதித்து எழுதினார். அமெரிக்காவில் ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் கோடை விடுமுறை குறித்த 39 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து 1996-இல் முடிவுகளை வெளியிட்டனர். மாணவர் சராசரியாக ஒரு மாதப் படிப்பிற்கு ஈடான அளவு பின்தங்கியதாகவும், கணக்கில் இழப்பு மிகுதி என்றும் அவர்கள் கண்டனர். வாசிப்பில், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளே பின்தங்கினர். வீட்டில் புத்தகம் இருப்பதும், வாசிக்கச் சொல்ல ஒருவர் இருப்பதுமே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன போலும்.

அயல்நாட்டுச் சான்று நமக்கெதற்கு என்பார் உளரேல், நாமே கண்ட சான்று ஒன்று உண்டு. கொரோனாத் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. கற்றல் இழப்பை ஈடுசெய்ய அரசு 'இல்லம் தேடிக் கல்வி'யையும், அடுத்த ஆண்டில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தையும் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீண்ட விடுமுறை பிள்ளையிடமிருந்து எதை எடுத்துக்கொள்ளும் என்பதை அன்று நாம் கண்ணாரக் கண்டோம்.

நாள்தோறும் ஒரு நாழிகை

ஆயின், மே மாதத்தில் பிள்ளைகளை மீண்டும் தனிப்பயிற்சிக் கூடங்களில் அடைத்துவிடுக என்று நாம் சொல்லவில்லை. ஓடியாடுவதும், ஆச்சி வீட்டுக்குப் போவதும், மாமரத்தடியில் உறங்குவதும் பிள்ளைப் பருவத்தின் உரிமைகள். நாளொன்றுக்கு ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம் போதும். அதில் பாதி வாசிப்பிற்கும் பாதி கணக்கிற்கும் ஆகட்டும். நாளிதழிலோ கதைப் புத்தகத்திலோ ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் செய்து, அதன் கருத்தைத் தன் சொற்களில் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைச் செய்யலாம். பிள்ளை வாசிக்க, தாய் கேட்டிருந்தால் போதும்.

கணக்கிற்கு வீடும் வீதியுமே பள்ளிக்கூடம். தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். பேருந்து அதைக் கடக்க 15 நிமிடம் எடுத்தால், அதன் வேகம் மணிக்கு எவ்வளவு? காய்கறிச் சந்தையில் 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு? இத்தகைய கேள்விகள் பிள்ளைக்கு விளையாட்டாகவே தோன்றும்.

நம் ஊரே ஒரு பாடநூல் எனலாம். சிற்றாற்றின் பாலத்தில் நின்று, "இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?" என்று கேளுங்கள். அது சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழகத்தோடு இணைந்தது என்பதைத் தாத்தாவின் வாயால் கேட்கும் பிள்ளை, வரலாற்றுப் பாடத்தில் ஒருபோதும் உறங்காது.

பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே உறங்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் பள்ளி நாளுக்கேற்ப மாற்றுங்கள். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளியில் ஆறாம் வகுப்புச் சேரும் பிள்ளையைத் தனியே கவனித்தல் வேண்டும். ஒரே ஆசிரியரின் நிழலில் வளர்ந்த பிள்ளைக்கு, பாடத்திற்கு ஓர் ஆசிரியர் வருவது புதிது. முன்கூட்டியே ஒருநாள் அழைத்துச் சென்று, புதிய பள்ளியையும் பேருந்து நிறுத்தத்தையும் காட்டிவிட்டால் பாதி அச்சம் தீரும். மாற்றுச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை மே மாதத்திலேயே பெற்று வைப்பது நலம். ஜூன் மாதத்தில் இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும் நாள், பெரும்பாலும் பிள்ளை பள்ளியை இழக்கும் நாளாகவும் அமைந்துவிடுகிறது.

பீடித் தட்டும் பள்ளிப் பையும்

ஏழை இல்லங்களின் நிலையை நாம் அறியாதவர்களல்லர். சீசன் கடைக்காரர்க்கு அம்மூன்று மாத வருவாய்தான் ஆண்டு முழுவதற்கும் சோறு. ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம் பகுதிகளில் எத்தனையோ தாய்மார் பீடித் தட்டை மடியில் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றனர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி பெறும் வீட்டில், விடுமுறையில் சும்மா இருக்கும் சிறு விரல்களும் வேலைக்கு வந்துவிடுவது வியப்பன்று. பிள்ளையின் உதவியால் கூடிய வருவாய்க்கு வீடு பழகிவிட்டால், ஜூன் மாதத்தில் அதை இழக்க மனம் வராது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. புகையிலைத் தூள் சிறுவர் உடலுக்குக் கேடு என்பதையும் மறத்தலாகாது.

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாது என்று 2016-இல் திருத்தப்பட்ட சட்டம் தடுக்கிறது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் தவிர்த்தும் விடுமுறையிலும் உதவுவதற்கு அது இடம் தருகிறது. பீடித் தொழிலாளர் பிள்ளைகளின் படிப்பிற்கென மத்திய அரசின் தொழிலாளர் நலத் துறை கல்வி உதவித்தொகை வழங்கி வந்துள்ளது. தாயின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையும், வங்கிக் கணக்கும் ஒழுங்காக உள்ளனவா என்று பார்த்து, விண்ணப்பிக்கும் முறையைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கேட்டறிவது நம் கடமை.

பெற்றோர்களே, மே மாதத்தின் ஒரு மாலையில் குடும்பமாக அமர்ந்து பேசுங்கள். சீசன் நாள்களில் கடையை யார் பார்ப்பது, விருந்தினர் வந்தால் பிள்ளை படிக்கும் இடம் எது, அருவிக்கு எந்த ஞாயிறு போவது என்பனவற்றை முடிவு செய்யுங்கள். பிள்ளையும் உடனிருந்து கேட்கட்டும். வரவிருக்கும் உறவினர்க்கும், "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எல்லாரும் சேர்ந்து குளிக்கப் போகலாம்" என்று முன்னரே அன்போடு சொல்லிவிடுங்கள். யாரும் மனம் கோணமாட்டார்கள்.

சாரல் ஆகஸ்டு வரையிலும் இருக்கும். அடுத்த ஆண்டும் வரும். ஆறாம் வகுப்பின் முதல் நாளோ ஒரு பிள்ளைக்கு ஒருமுறைதான் வருகிறது. அந்த நாளில் அதன் இடம் வகுப்பறையிலே காலியாக இராதபடி பார்த்துக்கொள்வோமாக.